ஜூடி ஹாலிடே: விவரமான அசடு

1951-ல் பெட்டி டேவிஸ், குளோரியா ஸ்வான்சன்னு ரெண்டு ஜாம்பவான்களைத் தாண்டி சிறந்த நடிகைக்கான ஆஸ்கரைத் தட்டிட்டுப் போனவர் ஜூடி ஹாலிடே. படம் 'பார்ன் எஸ்டர்டே'. வேஷம்? பில்லி டான் என்கிற அசட்டுப் பெண் :)

1921-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அந்தக் கதை முதலில் நாடகம். கதாநாயகியாக இருந்த ஜீன் ஆர்தர், பிராட்வே வருவதற்கு முன்பே விலகிவிட, ஜூடி அவசர அவசரமா வசனத்தை உருப்போட்டு மேடையேறினார். 1946-ல் பிராட்வே வந்த நாடகம் 1600 காட்சிகளுக்கு மேல் ஓடியது. ஆனாலும் படமா எடுக்கும்போது கொலம்பியா முதலாளி ஹாரி கோனுக்கு இவர் வேண்டாமாம்! 'ஆடம்ஸ் ரிப்' (1949) படத்தில் இவர் கலக்கின பிறகுதான் மனசு மாறினார்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை சூடா இருந்த நேரம். 1952 மார்ச்சில் செனட் துணைக்குழு ஒன்று ஜூடியை விசாரணைக்குக் கூப்பிட்டது. கூட இருந்தவங்க பேரைச் சொன்னால் பிழைக்கலாம். இயக்குநர் எலியா கசான் அடுத்த மாசமே சொன்னார். அரசியல் சட்டத்தைக் காட்டி வாயை மூடிக்கிட்டா சினிமா வேலை காலி. ஜூடி என்ன செஞ்சார் தெரியுமா? பில்லி டானாவே மாறிட்டார். சுத்தி வளைச்சு, புரியாத மாதிரி முழிச்சு, 'அசட்டுத்தனமா கையெழுத்துப் போட்டுட்டேன்' என்கிற ரீதியில் பதில். கடைசி வரை ஒரு பேர் வரலை!

கொஞ்ச காலம் டிவி, ரேடியோ கதவுகள் மூடிக்கிச்சு. சினிமா தப்பியது. 1957-ல் 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' இசை நாடகத்துக்கு டோனி விருதும் வாங்கினார், 'மை ஃபேர் லேடி' ஜூலி ஆண்ட்ரூஸையே முந்தி. 1960-ல் அதுவே சினிமாவா வந்தது. அதுதான் ஜூடியின் கடைசிப் படம். 1965 ஜூனில் மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது வயசு வெறும் 43.