சீசரின் முகத்தில் ஓர் உளிக்கீறல்

உரோமப் பேரரசின் சுவடுகளைக் காண விழைவோர் ஸ்பெயினின் மெரிடா நகருக்குச் செல்வர். கி.மு. 25இல் அகஸ்டஸ் காலத்தில் எழுந்த அந்நகரில் நாடக அரங்கும் நீண்ட ஆற்றுப்பாலமும் புனித யூலாலியா தேவாலயமும் இன்றும் நிற்கின்றன. அதே அகஸ்டஸின் முகத்தைப் புதுக்கோட்டை மண்ணும் பொதிந்து வைத்திருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். இங்கே உரோமர் ஊர் அமைக்கவில்லை, தூண் நாட்டவில்லை. பொன்னாக மட்டுமே வந்தனர்.

1898ஆம் ஆண்டு, அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் ஆலங்குடி வட்டத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் வெளிப்பட்டன. நாணயவியல் அறிஞர் ஜார்ஜ் ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை பேரரசர் பலர் அவற்றில் உள்ளனர். திபேரியஸ், கிளாடியஸ், நீரோ ஆகிய மூவரின் காசுகளே மிகுதி. வெஸ்பாசியன் அரியணை ஏறியது கி.பி. 69இல். ஆகவே புதையல் அதற்குப் பின்னரே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

வியப்பு இனிதான். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகளில், பேரரசரின் தலைக்குக் குறுக்கே ஆழமானதொரு வெட்டு! தற்செயலாக விழுந்த கீறலன்று. ஒரே இடத்தில், ஒரே எண்ணத்துடன் இடப்பட்டது.

ஏன் வெட்டினர்? உள்ளே செம்போ வெள்ளியோ இருக்கிறதா என்று சோதித்தனர் என்பது ஒரு கருத்து. அதற்கு விளிம்பில் ஒரு சிறு கொத்து போதுமே! அயல்நாட்டு அரசனின் முகத்தை வெறுத்தனர் என்பாரும் உண்டு. மிளகுக்கு ஈடாகப் பொன்னை விரும்பி வாங்கிய வணிகனுக்கு அம்முகத்தின்மீது பகை எதற்கு? தேய்ந்த காசுகளை நாணயமாகச் செல்லாதபடி செய்து, வெறும் பொன்னாக எடைபோட்டுக் கொள்வதற்கான அடையாளம் இது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆண்டுதோறும் இந்தியா ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பியதும் இந்நூற்றாண்டில்தான். அங்கே பேரரசரின் ஆணையைத் தாங்கிய காசு, இங்கே தராசுத் தட்டில் ஏறியதும் ஆணையை இழந்தது.

அந்தத் தராசைப் பிடித்தவர்கள் எத்தகைய ஊர்களில் வாழ்ந்தனர்? புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொற்பனைக்கோட்டைக்குச் சென்றால் ஓரளவு விடை கிட்டும். ஏறத்தாழ 44 ஏக்கர்ப் பரப்பு. சுற்றிலும் மண்மேடாகிவிட்ட மதில், அகழியின் தடம், நடுவே அரண்மனைத்திடல். சங்ககாலத்து ஊர். 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023இல் தமிழகத் தொல்லியல் துறையும் இங்கு அகழ்ந்தன. செங்கல் கட்டுமானமும் சூதுபவள மணியும் சிறியதொரு பொன் அணியும் கிடைத்தன. இக்கோட்டையையும் கறுக்காக்குறிச்சிப் புதையலையும் நேராக இணைக்கும் சான்று ஏதுமில்லை. ஆர்வத்தால் இணைத்துவிடவும் கூடாது. ஆயினும் இரண்டும் ஒரே நிலப்பரப்பின் செல்வத்தைப் பேசுகின்றன.

மெரிடாவில் யூலாலியாவை வணங்க வருவோரைப் போல், இங்கே பொற்பனை முனீசுவரரை வணங்க மக்கள் வருகின்றனர். நேர்த்திக்கடன் முடித்துத் திரும்புவோரில் எத்தனை பேர் அருகிலுள்ள அந்த மேட்டை மதிலென்று அறிவர்? நண்பர்கள் அடுத்தமுறை செல்லும்போது அதன்மீது ஏறி, மெதுவாக ஒரு சுற்று நடந்து பாருங்கள். மழைக்குப் பின் சென்றால் காலடியில் பழஞ்செங்கல் துண்டுகள் தென்படலாம். எடுத்துவர வேண்டாம்.