டூலா

டூலா என்பவர் கருக்காலம், பிரசவம், பேற்றுக்குப் பிந்தைய வாரங்கள் ஆகியவற்றில் தாய்க்கும் குடும்பத்துக்கும் உடல், மன ஆதரவும் தகவலும் அளிக்கும், பயிற்சி பெற்ற, மருத்துவம் சாராத துணையாளர் ஆவார்.

வகைகள்: பிரசவ டூலா, பேற்றுக்குப் பிந்தைய டூலா ஆகியவை முதன்மையானவை. கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் போன்ற இழப்புகளில் துணை நிற்போரும் உள்ளனர்.

பணிகள்: பிரசவ டூலா வலி தொடங்கியது முதல் தாயை விட்டு அகலாமல் இருப்பார். வலி எழும்போது இடுப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தல், மூச்சைச் சீராக்கல், நடக்கவும் நிலை மாறவும் உதவுதல், மருத்துவர் கூறுவதை விளக்குதல் ஆகியவை இவர் பணிகள். பேற்றுக்குப் பின் தாய்ப்பால் ஊட்டவும் சிசுவைப் பராமரிக்கவும் உதவுவார். உள்பரிசோதனை செய்வதோ, மருந்து கொடுப்பதோ, பிரசவம் பார்ப்பதோ இவர் பணியன்று. அவை மருத்துவர், செவிலியர், மருத்துவச்சி ஆகியோருக்கு உரியவை.

வரலாறு: மானுடவியலாளர் டேனா ரஃபேல் தாய்ப்பாலூட்டல் குறித்த 1973ஆம் ஆண்டு நூலில் டூலா என்னும் சொல்லைப் பரவலாக்கினார். குழந்தை மருத்துவர்கள் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் ஆகியோர் குவாத்தமாலாவில் பங்கேற்ற ஆய்வு 1980இல் வெளியானது. உடனிருக்கும் துணையால் பிரசவ நேரம் குறைவதை அது காட்டியது. அமெரிக்காவில் டூலாக்களுக்கான டோனா அமைப்பு 1992இல் தொடங்கப்பட்டது.

முக்கியத்துவம்: 2017ஆம் ஆண்டு காக்ரேன் மீளாய்வு, பிரசவத்தில் தொடர் ஆதரவு பெற்ற பெண்களிடையே இயல்பான பிரசவம் கூடுவதையும் அறுவைப் பிரசவம் குறைவதையும் கண்டது. பிரசவத்தின்போது தாய் விரும்பும் துணை உடனிருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. அரசு மருத்துவமனைகளில் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கும் பிறப்புத் துணை முறை தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது.