கச்சானும் கிணறும்

கோடை என்றதும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அக்கினி நட்சத்திரம் எந்நாளில் தொடங்குகின்றது என்று பார்ப்பது தமிழ் இல்லங்களின் பழைய வழக்கம். சித்திரையின் கடைக்கூற்றில் தொடங்கி வைகாசியின் நடுப்பகுதிவரை நீளும் அக்கணக்கு சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் நன்கு பொருந்தும். கல்முனைக்கு வடக்கே கடலை அணைந்து கிடக்கும் பாண்டிருப்புக்கு அது பொருந்துவதில்லை. இவ்வூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஏழரைப் பாகை வடக்கே உள்ளது. ஆதலின் சூரியன் நமது உச்சிக்கு நேரே வருவது ஏப்பிரல் 8ஆம் நாளளவில், வருடப்பிறப்புக்கும் முன்னராகும். சென்னையில் அது ஏப்பிரல் 24 அளவில் நிகழும். ஆயினும் பாண்டிருப்பின் தோட்டங்களை உண்மையில் வாட்டும் வெம்மை அந்நாளில் வருவதன்று. அது வைகாசிக்குப் பின்னரே வருகின்றது. அதனைக் கொணர்வது காற்று. கச்சான் என்பது அதன் பெயர்.

நேயர்களே, கச்சான் என்றவுடன் உங்களிற் சிலருக்கு வறுத்த நிலக்கடலை நினைவுக்கு வரலாம். இலங்கைத் தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். நான் சொல்வது வாயில் இடும் கச்சானையன்று, வாயை உலரச் செய்யும் கச்சானை! தென்மேற்குப் பருவக்காற்று தான் சுமந்துவரும் நீரையெல்லாம் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகின்றது. மலை கடந்து கிழக்கே இறங்கும்போது அதே காற்று அமுங்கிச் சூடேறி, வறண்டு, நமது கரையை வந்தடைகின்றது. மட்டக்களப்பில் டிசம்பர் மாதச் சராசரி மழை ஏறக்குறைய 400 மில்லிமீற்றர். ஜூன் மாதத்திலோ அது 30 மில்லிமீற்றரையும் எட்டுவதில்லை. கச்சான் பலமாக வீசும் நாட்களிற் பிற்பகற் கடற்காற்றும் பிந்தியே வரும். அண்டையிலுள்ள மருதமுனை நெசவாளருக்குச் சாயந்தோய்த்த நூலை விரைவில் உலர்த்தித் தருவதும் இக்காற்றே. ஒருவருக்குப் பகை, மற்றவருக்கு ஏவலாள்!

கடல் கிழக்கே இருந்தும், பாண்டிருப்பு வளவுகளில் மேற்கு வேலியையே மிக நெருக்கமாகக் கிடுகு கட்டி அடைத்ததன் காரணம் இப்போது விளங்கும். கத்தரி, வெண்டி, பயற்றை, கொச்சிக்காய் ஆகிய நாற்றுக்களுக்குத் தென்னோலை சாய்த்து நிழல் கொடுத்தனர். மரத்தைச் சுற்றிக் குழிவெட்டிப் பொச்சுமட்டையைப் புதைத்தனர். அது பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். குளித்த நீரும் பாத்திரங் கழுவிய நீரும் வாழையடிக்கே ஓடின. இவற்றையெல்லாம் செய்தவர் பெரும்பாலும் பெண்களே. ஆடவர் வயலுக்கும் கடலுக்கும் சென்றுவிட, வளவு அவர்கள் ஆட்சியிலிருந்தது. உச்சிவெயிலில் நீரூற்றினால் இலை கருகும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் இதனைச் சோதித்து வெளியிட்டனர். வழுவழுப்பான இலையில் தங்கும் நீர்த்துளி அதனைச் சுடுவதில்லை என்றும், மயிர் செறிந்த இலையில் மட்டுமே அது நிகழக்கூடும் என்றும் கண்டனர். எனவே நம்பிக்கை பாதி பிழை. ஆனால் வழக்கம் முழுதும் சரி. நண்பகலில் ஊற்றும் நீரிற் பெரும்பங்கைக் கச்சானே குடித்துவிடும்.

வானத்தைப் பார்த்துச் சொன்ன குறிகளும் பல. தட்டான் தாழப் பறந்தால் மழை என்றனர். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை என்றனர். இவற்றை நான் அதிகம் நம்புவதில்லை. நிலவைச் சுற்றிய வட்டம் எட்ட இருந்தால் மழை கிட்ட என்றும், வட்டம் கிட்ட இருந்தால் மழை எட்ட என்றும் சொன்னது வேறு. பெரிய வட்டம் மிக உயர்ந்த மேகத்திலுள்ள பனிப்படிகங்களால் தோன்றுவது. அத்தகைய மேகம் சில வேளைகளில் மழைக்கு முன்னோடியாகப் பரவும். சிறிய வட்டமோ மெல்லிய மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகளால் அமைவது. கருவி எதுவுமின்றி இவ்விரண்டையும் வேறுபடுத்தியறிந்த கண் கூரிய கண்தான்.

கச்சான் கனலத் தொடங்கும் வைகாசியிலேயே காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களில் கண்ணகையம்மன் சடங்கு நடைபெற்றுக் குளிர்த்தியுடன் நிறைவுறுகின்றது. சினந்த தெய்வத்தைக் குளிர்விப்பதே அதன் கருத்து. கண்ணகி இறந்தபின் பாண்டிநாடு மழையின்றி வறங்கூர்ந்து, வெப்புநோயுற்றது என்றும், சாந்தி செய்தபின் மழை பெய்தது என்றும் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறும். கயவாகு மன்னன் பலியிட்ட செய்தியும் அங்கே உண்டு. ஆனால் அங்கு சொல்லப்படும் திங்கள் ஆடி. நமது கரையில் விழா வைகாசியில் அமைந்ததற்குக் கச்சானும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் எண்ணம். மழை பொய்த்தபோதும் நோய் பரவியபோதும் ஊரார் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து கொம்புமுறி ஆடினர். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். முஸ்லிம் ஊர்களில் மக்கள் திறந்த வெளியிற் கூடி மழைத்தொழுகை நடத்துவர். அவர்களுடைய மார்க்க ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறக்குறைய 11 நாள் குறைந்தது. மாதங்கள் பருவந்தோறும் நகர்ந்துகொண்டே போகும். ஆகவே பயிர்க்கணக்குக்கு அவர்களும் சித்திரை, ஆவணி என்றே எண்ணினர். கச்சானுக்கு மதம் ஏது?

இத்தனைக்கும் அடிப்படை வளவின் கிணறு. மணலுக்குக் கீழே உப்புநீர் இருக்க, அதன்மேல் நன்னீர் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. நெதர்லாந்தரான கைபனும் செருமானியரான ஹேர்ஸ்பேர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வகுத்த கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும். மேலே ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உப்பு 40 அடி எழும். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதக் கைக்கு அவ்வளவு நீரை இறைக்கும் வலு இல்லை. களைப்பே கிணற்றுக்குக் காவல். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அக்காவல் நீங்கிற்று.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. எஞ்சியோர் திரும்பிவந்தபோது கிணறுகள் உவர்த்திருந்தன. இயந்திரங்கொண்டு இறைத்து இறைத்துத் துப்புரவாக்கினர், உப்புக் குறையவில்லை. மிகுதியாக இறைத்தால் கீழிருந்தும் உப்பு ஏறும் என்பதைக் கிழக்குக் கரையில் நடந்த ஆய்வுகள் எடுத்துக் காட்டின. கிணற்றைத் தேற்றியது அடுத்தடுத்து வந்த வாடைக்கால மழைதான். அதுவரை பல வளவுகளில் தென்னையும் முருங்கையுமே நின்றன. கத்தரி திரும்ப நாளாயிற்று.

புரட்டாதியில் பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலில் 18 நாள் விழா நடந்து, தீமிதிப்புடன் முடிகின்றது. அந்நாட்களிற் கச்சான் தளர்ந்து, மாலை வேளையில் மேற்கே இடி முழங்கத் தொடங்கும். தீக்குழி ஆறியபின் வீடுகளில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதைமுடிச்சுக்கள் இறங்கும். பாகலும் புடோலும் முதலில் ஊன்றுவர். கொச்சிக்காய் நாற்று ஐப்பசி மழை மண்ணில் இறங்கும்வரை காத்திருக்கும்.