ஏல அறிவித்தலில் ஒரு சீதன வீடு

பத்திரிகைப் பணியில் எனக்கு மிகவும் சலிப்பூட்டிய வேலை, வங்கிகளின் ஏல விற்பனை அறிவித்தல்களை ஒப்புநோக்குவது. வடக்கே இன்னார் காணி, கிழக்கே வீதி, பரப்பு இத்தனை பேர்ச், அதிலுள்ள வீடு, கிணறு, மரங்கள், பயிர்கள் அனைத்தும் என்று எல்லாம் ஒரே வாய்பாடு. 1990களின் பிற்பகுதியில் ஒரு நாள், திருகோணமலை உட்துறைமுகப் பக்கத்து அறிவித்தல் ஒன்றை வாசித்துக்கொண்டு போனபோது கை நின்றுவிட்டது. அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நான் தேநீர் அருந்தியிருக்கிறேன். வீட்டுக்காரர் படகு இயந்திரங்கள் திருத்துபவர். வீடு மனைவியின் சீதனம்.

துறைமுக ஊரின் வருமானம் கப்பலோடு வந்து கப்பலோடு போவது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோதும், 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோதும், தளத்தை நம்பித் தையல், சலவை, திருத்துவேலை என்று சொந்தத் தொழில் செய்தவர்களின் பிழைப்பு ஆட்டங்கண்டது. யுத்தகாலத்தில் மீன்பிடிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் என் நண்பரின் தொழிலையும் படுக்க வைத்தன.

மாதச் சம்பளக்காரர் சம்பளச் சிட்டையைக் காட்டிக் கடன் கேட்கலாம். சுயதொழில் செய்பவரிடம் காட்ட இருப்பது வீட்டு உறுதி ஒன்றுதான். சீட்டு, கடைக்கொப்பி, நகை அடைவு, கைமாற்று எனக் கடன்கள் கிளைவிட்டபின், எல்லாவற்றையும் ஒருமிக்க அடைப்பதற்காக வீட்டை ஈடு வைப்பார்கள். வீடு ஏற்கெனவே ஈட்டில் இருந்தால், பழைய முறியை மீட்டுப் பெரிய தொகைக்குப் புதிய ஈட்டுமுறி எழுதுவார்கள்.

இதற்கான சட்டவழி பழையது. காணி தொடர்பான முறிகளை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுத வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆனால், சாதாரண மனிதருக்குக் கடன் தர வங்கி எங்கே இருந்தது? பிரித்தானிய வங்கிகள் தோட்டத்துரைமாருக்கும் ஏற்றுமதியாளருக்கும் உரியவை. உள்ளூரவர் பெரிதும் நம்பியிருந்தது நாட்டுக்கோட்டைச் செட்டிமாரை. 1925இல் பெரிய செட்டியார் நிறுவனம் ஒன்று முறிந்ததும் வங்கிகள் அவர்களுக்கு அளித்துவந்த கடனைச் சுருக்கின. பின்னால் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1931இல் அரச ஈட்டு வங்கி, 1934இல் பொச்கானவாலா ஆணைக்குழு, 1939இல் இலங்கை வங்கி. நல்ல காரியங்கள்தாம்.

செட்டியார் வீட்டைப் பிடிக்க வேண்டுமானால் நீதிமன்றம் போக வேண்டும். வழக்கு இழுபடும், இடையில் பேசித் தீர்க்கலாம். வங்கிக்கோ 'பராட்டே' இருந்தது. இது ஒல்லாந்தச் சொல். கோணேசர் மலையடியில் கோட்டையை வைத்திருந்தவர்கள் 1795இல் போய்விட்டார்கள், சொல் நின்றுவிட்டது. நீதிமன்றம் போகாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஈட்டுச் சொத்தை ஏலமிடும் அதிகாரம் அது. அரச வங்கிகளிடம் முன்பே இருந்த இவ்வதிகாரம், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் தனியார் வணிக வங்கிகளுக்கும் கிடைத்தது. தீர்மானத்தை வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளியிட வேண்டும். என் மேசைக்கு அந்தத் தாள்கள் வந்தது அதனால்தான். பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2024இல் இவ்வதிகாரம் இடைநிறுத்தப்பட்டு, அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

கடன்களை ஒன்றாக்கினால் வட்டி குறையும், மாதத் தவணையும் குறையும், மறுக்கவில்லை. ஆயினும் சீட்டுக்காரர் வாசலில் நின்று சத்தம் போடுவாரே தவிர, நினைத்த மாத்திரத்தில் வீட்டை ஏலத்தில் விட அவரால் முடியாது. அடைவு வைத்த தாலிக்கொடி மூழ்கினாலும் கூரை மிஞ்சும். என் நண்பர் அத்தனை சில்லறைக் கடன்களையும் கூரையின்மேல் ஏற்றிவிட்டார். அதுவும் மனைவியின் கூரை. கிழக்கில் வீடு பெண்ணுக்கே போகும். தொழில் கடன் ஆணுடையது. அவர் கடனுக்கு அந்த அம்மா ஈடு வைத்துக் கையொப்பமிட்டிருந்தார்.

கடன் பெற்றவர் தாமே ஈடு வைத்த சொத்தைத்தான் பராட்டே முறையில் விற்கலாம், அவருக்காக இன்னொருவர் ஈடு வைத்ததை அல்ல என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது 2000களின் நடுப்பகுதியில். கணவன், மனைவி இருவரையும் கடனாளிகளாகவே கையொப்பமிட வைத்தால் வங்கிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அந்த அம்மாவின் வீடு, தீர்ப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கைமாறிவிட்டது.