காவலில் மாண்ட உயிருக்கு விடை சொல்வார் யார்?

நண்டலாற்றுக்கு வடபால் ஆங்கில ஆட்சியும் தென்பால் பிரெஞ்சு ஆட்சியுமாக நிலம் பிரிந்திருந்த காலம் நம் சங்கத்துப் பெரியோர் சிலர்க்கு இன்னும் நினைவிலிருக்கும். ஆற்றைக் கடந்தால் சுங்கமும் கோர்ட்டு மொழியும் மாறினமை யாவரும் அறிந்ததே. மாறிய பிறிதொன்றும் உண்டு. அதனைப் பேசுவார் அரியர். சர்க்கார் சேவகன் கையால் குடியொருவன் வதைபட்டாலோ மாண்டாலோ, அதற்குச் சர்க்கார் தன் பொக்கிஷத்திலிருந்து ஈடு செய்யக் கடமைப்பட்டதா என்பதே அது.

முதலில் வடகரைச் செய்தியைக் கூறுவோம். சென்னை இராஜதானியில் வரி தண்டும் பொருட்டுக் குடிகள் வதைக்கப்படுகின்றனர் என்னும் முறையீடு 1854-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பார்லிமெண்டில் எழுந்தது. அதனை அங்கே எட்டச் செய்ததில் காஜுலு லட்சுமிநரசு செட்டியாருக்கும் அவர் நடத்திய சென்னைச் சுதேச சங்கத்துக்கும் பெரும் பங்குண்டு. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட கமிஷன் அமைந்தது. 1855-இல் அறிக்கையும் வெளிவந்தது. அக்கமிஷனுக்கு வந்த முறையீடுகள் 1,959. மரக்கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டியும், கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைத்து முதுகில் கல்லேற்றும் அண்ணாந்தாளும் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. கிஸ்தி செலுத்த இயலாத உழவனும் இவற்றுக்கு உள்ளானான். வரி தண்டும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவராயிருந்தது கேட்டுக்கு மூலம் எனத் தெளிந்தபின், 1859-ஆம் வருஷத்து 24-ஆவது சட்டத்தால் போலீஸ் தனி இலாகா ஆயிற்று. போலீசாரிடம் கூறிய குற்ற ஒப்புதல் கூறியவனுக்கு எதிராகச் செல்லாது என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும் விதித்தது.

இவ்வளவும் நன்றே. ஆயினும் விரலொடிந்தவனுக்கு ஈடு கிடைக்க வழி பிறந்ததில்லை. 1861-இல் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டார் ஒரு வழக்கில், தனியாரும் செய்யத்தக்க காரியங்களில் சர்க்கார்மீது வழக்காடலாம், ஆட்சியதிகாரக் காரியங்களில் ஆகாது என வகுத்தனர். சர்க்கார் கப்பற்பட்டறை ஆட்கள் கீழே போட்ட இரும்பினால் ஒரு கப்பற் கம்பெனியின் வண்டிக் குதிரை காயமுற்றதே அவ்வழக்கு. குதிரைக்கு ஈடு கிடைத்தது. அவ்வழக்கில் வகுத்த கோடோ காவலில் அடிபட்ட மனிதனுக்கு நூறாண்டுக்குமேல் தடையாக நின்றது. இதனை வேடிக்கை என்பதா, கொடுமை என்பதா!

தென்கரையில் சட்டம் வேறு வழியிற் சென்றது. போர்தோ நகரில் சர்க்கார் புகையிலைச் சாலையின் வண்டி மோதிக் காயமுற்ற பிளாங்கோ என்னும் சிறுமியின் வழக்கில், பொதுப்பணியால் விளைந்த தீங்கிற்கு அரசு பொறுப்பாகும் என்று பிரான்சில் 1873-இல் தீர்ப்பாயிற்று. துனீசியாவில் வெறிகொண்ட எருதொன்றைத் துரத்துகையில் ஜாந்தாம் சுட்ட குண்டினால் வீட்டினுள்ளிருந்த கிரெக்கோ என்பவர் காயமுற்றதாக எழுந்த வழக்கில், போலீஸ் பணியின் பிழைக்கும் அரசு பொறுப்பாகலாம் என்று 1905-இல் கோன்செய் தெத்தா என்னும் உயர்மன்றம் ஒப்புக்கொண்டது. கிரெக்கோவுக்குப் பணம் கிடைத்ததில்லை, கொள்கை நிலைபெற்றது. பாரிஸில் வகுத்த கொள்கையால் காரைக்கால் கூலியாளுக்கு நீதி கிடைத்தது என்று நாம் சாதிக்கவில்லை. 1936 ஜூலை 30-இல் புதுச்சேரி ஆலைத்தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ்தானே!

1954 நவம்பர் 1-இல் ஆட்சி நம் நாட்டினரிடம் வந்தது. 1962-இல் அது சட்டப்படியும் முற்றுப்பெற்றது. பின்னர் இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கே வந்தன. வடகரையின் பழங்கோடும் உடன் வந்தது. அக்கோடு அப்போதும் உறுதியாகவே இருந்தது. மீரட்டில் போலீசார் கைப்பற்றிய தங்கத்தை ஏட்டு ஒருவன் திருடிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடியபோது, உடையவரான கஸ்தூரிலால் வணிகக் கம்பெனிக்கு அரசு ஈடு தரவேண்டியதில்லை என்று சுதந்தர இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டே கூறிற்று.

மாறுதல் 1983-இல் தொடங்கியது. விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் பதினான்கு ஆண்டு பீகார்ச் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 35,000 ரூபாய் தருமாறு சுப்ரீம் கோர்ட்டு ஆணையிட்டது. 1987 டிசம்பரில் ஒரிஸாவில் போலீசார் கொண்டுபோன இருபத்திரண்டு வயது இளைஞன் மறுநாள் இரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தான். அவன் தாய் நீலபதி பெஹெராவின் வழக்கில் 1993-இல் 1,50,000 ரூபாய் விதித்த கோர்ட்டார், அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் ஆட்சியதிகாரம் என்னும் கேடயம் செல்லாது என்றனர். கஸ்தூரிலால் தீர்ப்பு இத்தகைய வழக்குகளுக்குத் தடையன்று என்றும் விளக்கினர்.

நம் குடும்பங்களில், மானத்துக்கு அஞ்சி, காட்டிய இடத்தில் ஒப்பமிட்டு உடலை வாங்கிவந்து இரவோடிரவாகத் தகனம் செய்யும் வழக்கம் உண்டாகலாகாது என்றே இவற்றை விரித்தோம். கைது செய்யுங்கால் குறிப்பெழுதி, வீட்டார் ஒருவரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையொப்பமிடச் செய்யவேண்டும் என்றும், காவலிலிருப்பவரை நாற்பத்தெட்டு மணிக்கொருமுறை வைத்தியர் பார்க்கவேண்டும் என்றும் 1996-இல் டி. கே. பாசு வழக்கில் விதியாகியுள்ளது. காவலில் மரணம் நேரின் இருபத்துநான்கு மணிக்குள் தேசிய மனித உரிமைக் கமிஷனுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1993 முதலுள்ள கட்டளை. மாஜிஸ்திரேட்டு விசாரணையும் சட்டப்படி நடக்கவேண்டும்.

நீலபதி அம்மையார் முதலில் அனுப்பியது வக்கீல் வரைந்த மனுவன்று, ஒரு கடிதமே. அதனையே கோர்ட்டார் வழக்காக ஏற்றனர். 1962 நவம்பர் 6 முதல் சென்னை ஹைகோர்ட்டின் அதிகாரம் நம் காரைக்கால் மண்மீதும் செல்லுகின்றது.