மாரிகால வெள்ளைப் பூக்கள்: திருகோணமலைக் கரையில் மூன்று நூற்றாண்டுக் குழப்பம்

கார்த்திகை பிறந்து வாடைமழை பிடித்துக்கொண்டால் திருகோணமலையில் கண்கள் முதலில் போவது வேலியில் படர்ந்து சிவக்கும் கார்த்திகைப்பூவுக்குத்தான். அதே மழையில் முற்றத்து ஓரத்திலும் கடற்கரை மணலிலும் வெள்ளையாகப் பூப்பவை பல. அவற்றுள் எது எதுவென்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. உப்புவெளியிலோ ஓர்ஸ்ஹில்லிலோ கேட்டால் பெரும்பாலும் ‘லில்லி’ என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வரும். இந்த மயக்கம் வீட்டுத்தோட்டக்காரருடையது மட்டுமல்ல. தாவரவியலாளரும் இதே பூக்களை முந்நூறு ஆண்டுகளாக இடம் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் குளிர்காலத் தோட்டத்தின் செல்லப்பிள்ளை ஸ்னோடிராப். மூன்று நீண்ட வெளியிதழ்கள், மூன்று குட்டை உள்ளிதழ்கள், உள்ளிதழின் நுனியில் ஒரு பச்சைக் குறி. அந்தக் குறியின் வடிவத்தை வைத்தே ஆர்வலர்கள் நூற்றுக்கணக்கான வகைகளைப் பிரிக்கிறார்கள். 2015இல் ஒரேயொரு குமிழ் 1,390 பவுணுக்கு ஏலம் போனது. திருகோணமலையில் அது வேர்விடாது. தை மாத இரவிலும் வெப்பநிலை 24 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும் ஊர் இது. ஸ்னோடிராப்பின் குமிழுக்கோ குளிர் வேண்டும். இங்கே குமிழ்களை எழுப்புவது மழை. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டிவிடுகிறது.

ஆனாலும் நம் வெள்ளைப் பூக்களோடு அதற்குள்ள உறவு தூரத்து உறவல்ல. 1753இல் வெளிவந்த, தாவரவியலாளர் லின்னேயசின் ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ நூலில் ஸ்னோடிராப் 288ஆம் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த சில பக்கங்களுக்குள்ளேயே பங்க்ராசியம் சைலானிக்கம் வந்துவிடுகிறது, கிரைனம் ஆசியாட்டிக்கமும் வந்துவிடுகிறது. முன்னதற்கு அவர் இலங்கையின் பெயரையே சூட்டினார். பின்னதுதான் நம் கடற்கரைகளில் தாழை, அடம்பன்கொடி ஆகியவற்றின் அயலில் தடித்த இலைக்கொத்தாக நிற்கும் விஷமூங்கில். ஆறு கேசரம், ஒரு சூல்தண்டு என்று எண்ணிக்கையால் வகுப்புப் பிரித்தவர் லின்னேயஸ். அந்தக் கணக்கில் இவை எல்லாம் ஒரே பெட்டிக்குள் விழுந்தன.

லின்னேயஸ் இலங்கைக்கு வந்ததேயில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672இல் வந்த பவுல் ஹெர்மன் சேகரித்த உலர்தாவரத் தொகுப்பே அவருக்குக் கண். ஹெர்மன் இறந்து பல பத்தாண்டுகளின் பின் அத்தொகுப்பு கோப்பன்ஹேகனிலிருந்து லின்னேயசின் கைக்கு வந்தது. அதைக்கொண்டு 1747இல் ‘ஃப்ளோரா சைலானிக்கா’வை எழுதினார். தொகுப்பு இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குழப்பத்தின் ஒரு வேர் இங்கேதான். குமிழ்ச் செடிகளை அமுக்கி உலர்த்துவது ஆகாத வேலை. சதைப்பற்றான தண்டு அழுகும், வெள்ளை இதழ் பழுப்புக் கடதாசியாகிவிடும், மணமோ மலரும் நேரமோ மிஞ்சாது. இதழில் செங்கோடு ஓடும் மணிவடிவப் பூவொன்றை லின்னேயஸ் 1753இல் அமரில்லிசு என்றார். 1767இல் தாமே அதைக் கிரைனத்துக்கு மாற்றினார். அதுதான் இன்றைய கிரைனம் சைலானிக்கம்.

இதைவிடச் சுவையான கதை ‘ஸ்பைடர் லில்லி’யுடையது. விடுதி வாசல்களிலும் பாடசாலைப் பாத்திகளிலும் சிலந்திக் கால்போல் நீண்ட இதழ்களோடு நிற்கும் இச்செடி அமெரிக்க வெப்பவலயத்தைச் சேர்ந்தது. பூவின் நடுவே கேசரங்களை இணைக்கும் மெல்லிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று உண்டு. நம் பங்க்ராசியத்துக்கும் அதேபோன்ற கிண்ணம் இருப்பதால் 1763இல் தாவரவியலாளர் ஜாக்குவின் இதையும் பங்க்ராசியம் என்றே பதிந்தார். 1812இல் ரிச்சர்ட் சாலிஸ்பரி இதைப் பிரித்து ஹைமனோகாலிஸ் என்ற பேரினத்தில் வைத்தார். பிரிவினைக்கு உறுதியான சான்று பூவில் இல்லை. சூலகத்தைக் கீறினால்தான் தெரியும். பங்க்ராசியத்தின் அறைகளில் சூல்வித்துகள் நிறைய இருக்கும், முதிர்ந்ததும் உலர்ந்த கரிய வித்துகள் ஆகும். ஹைமனோகாலிசில் சிலவே இருக்கும். அவை சதைப்பற்றான பச்சை உருண்டைகளாகும். 

வித்தைப் பார்க்கும் இந்த வழக்கத்துக்கு வலுச்சேர்த்தவர் வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார். உலர்ந்த மாதிரிகளோடு நிற்காமல் உயிருள்ள குமிழ்களை வளர்த்து, கிரைனம் இனங்களை ஒன்றோடொன்று கலந்து, வித்துக் கட்டுகிறதா என்று சோதித்தார். 1837இல் அவருடைய ‘அமரில்லிடேசியே’ நூல் வந்தது. டார்வின் 1859இல் தம் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் ஹெர்பர்ட்டின் கிரைனச் சோதனையை எடுத்துக்காட்டியிருக்கிறார். மழை விழுந்த சில நாளில் முற்றமெங்கும் குப்பென்று பூக்கும் ‘மழை லில்லி’க்குச் செபிராந்தஸ் என்று பேரினப் பெயர் வைத்தவரும் இவரே, ஆண்டு 1821. அதுவும் அமெரிக்கச் செடிதான். அதன் வெள்ளை இனமான செபிராந்தஸ் காண்டிடாதான் தோற்றத்தில் ஸ்னோடிராப்பை ஓரளவு நினைவூட்டும், ஆனால் பூ தலைகுனியாமல் நிமிர்ந்து நிற்கும்.

இலங்கைக்குள் செடிகளின் கணக்கெடுப்பு பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து நடந்தது. 1824இல் அலெக்சாண்டர் மூன் வெளியிட்ட பட்டியல், சுதேசச் செடிகளோடு வெளிநாட்டுச் செடிகளையும் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டது. எது இந்த மண்ணுடையது, எது வந்தேறியது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. பிறகு துவைட்சின் ‘எனுமராசியோ’ (1858–1864) வந்தது. பேராதனையில் இருந்தவர்களுக்குக் கிழக்குக் கரையின் செடிகளை அனுப்பியவர்களில் திருகோணமலையில் பாதிரியாராக இருந்த கிளெனி முக்கியமானவர். கிளென்னியா என்ற மரப்பேரினம் அவர் பெயரைத் தாங்குகிறது. 1893இல் தொடங்கிய ஹென்றி டிரைமனின் கைநூல் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் பதிந்தது. டிரைமன் 1896இல் இறந்துவிட, குமிழ்ச் செடிகள் அடங்கும் பகுதியை ஜோசப் ஹூக்கரே முடித்தார்.

இத்தனை பேர் பட்ட பாட்டின் பலனாகத் துறைமுகப் பக்கத்துத் தோட்டமொன்றில் இன்று இப்பூக்களைப் பிரித்தறிவது எளிது. முதலில் பூவின் நடுவைப் பார்க்க வேண்டும். கிண்ணம் இல்லாமல், கேசரங்கள் தனித்தனியாக ஊதாச் சாயலோடு நீண்டு, ஒரே தண்டில் பத்துக்கு மேற்பட்ட பூக்கள் குடையாய் விரிந்திருந்தால் விஷமூங்கில், மாலையில் மணக்கும். அதன் பருத்த வித்துக்கு உறை கிடையாது, கடலில் மிதந்தே கரைகளைப் பிடிக்கிறது. கிண்ணம் இருந்து, தண்டுக்கு ஒரு பூ மட்டுமே என்றால், அதுவும் கிண்ண விளிம்பில் கேசரங்கள் குட்டையாக நின்றால், இந்த நாட்டுப் பங்க்ராசியம். பல பூக்களும் நீண்ட கேசரங்களும் பளபளக்கும் இலையும் சேர்ந்தால் ஹைமனோகாலிஸ். பூ இல்லாத காலத்தில் இலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது தாவரவியலாளருக்கே கடினம்.

பூந்தோட்டத்தோடு இந்தக் குடும்பக் கதை நின்றுவிடவில்லை. மரபணு ஆய்வுகளின் வழியே வகுக்கப்பட்ட 2009ஆம் ஆண்டின் ஏபிஜி என்ற தாவரவியலாளர் குழுவின் வகைப்பாடு வெங்காயத்தையும் இப்பூக்களின் குடும்பமான அமரில்லிடேசியேக்குள் கொண்டுவந்தது. நிலாவெளி, கும்புறுப்பிட்டித் தோட்டங்களின் சின்ன வெங்காயமும் ஸ்னோடிராப்பும் விஷமூங்கிலும் இப்போது ஒரே குடும்பம். ஸ்னோடிராப்பின் உறவுக்குள் கண்டறியப்பட்ட கலன்டமைன் மறதிநோய்க்கு மருந்தாகிவிட்டது. விஷமூங்கிலின் குமிழிலுள்ள லைக்கோரின் வாந்தியெடுக்க வைக்கும். வெங்காயம் என்று நினைத்துக் கிண்டியெடுத்த குமிழை நசுக்கினால் வெங்காய நெடி வர வேண்டும். வராவிட்டால் அது சமையலறைக்கு உரியதல்ல.