பூ விழுந்த பெயர்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டே போனால் ஈசான சிவ பண்டிதர் என்றொரு பெயர் எதிர்ப்படும். ராஜராஜ தேவரின் குருக்கள் என்று அடையாளமும் சொல்லியிருக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் ராஜராஜனுக்குக் குரு கருவூர்த் தேவர் என்பார்கள். விமானத்துக்குப் பின்னால் அவருக்குச் சன்னதி இருக்கிறது, வியாழக்கிழமைக் கூட்டமும் இருக்கிறது. கல் மட்டும் ஈசான சிவரைத்தான் சொல்கிறது.

அந்தப் பெயர்மேல் எனக்கு நெடுநாளாக ஒரு கண். மன்னன் பெயரில் சிக்கல் இல்லை. அருமொழி என்று பிறந்தான். 985இல் முடிசூடி, பிறகு ராஜராஜன் ஆனான். சிவபாதசேகரன் என்றும் சொல்லிக்கொண்டான். பிறந்த பெயர், ஆண்ட பெயர், பணிந்த பெயர் மூன்றும் நம் கையில் இருக்கின்றன. குருவுக்குக் கல்லில் இருப்பது ஒன்றே ஒன்று. அது அவருடைய அம்மா வைத்த பெயரும் இல்லை, அவரே தேடி எடுத்துக்கொண்ட பெயரும் இல்லை. ஒரு பூ போய் விழுந்த இடத்தின் பெயர்.

சைவ ஆகமங்களும் அவற்றை ஒட்டிய பத்ததிகளும் சொல்லும் முறை இது. பத்ததி என்றால் கிரியை செய்கிறவர் கையில் வைத்துக்கொள்ளும் நடைமுறை நூல். தரையில் வண்ணப் பொடிகளால் மண்டலம் வரைந்து, அதில் சிவனையும் அவனுடைய முகங்களையும் மந்திரங்களால் எழுந்தருளச் செய்வார்கள். தீட்சை பெற வந்தவனின் கண்ணைத் துணியால் கட்டி, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவார் குரு. குவித்த கையில் ஒரு பூ. எந்தப் பக்கம் எது இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. மந்திரம் சொல்லிப் பூவைப் போடச் சொல்வார். விழுந்ததும் கட்டை அவிழ்ப்பார்கள். பூ எந்த முகத்தின் இடத்தில் கிடக்கிறதோ, அன்றுமுதல் அவன் பெயர் அது.

முகங்கள் ஐந்து. மேல்நோக்கியது ஈசானம், கிழக்கே தற்புருடம், தெற்கே அகோரம், வடக்கே வாமதேவம், மேற்கே சத்தியோசாதம். இவற்றோடு ஒரு விகுதியைச் சேர்ப்பார்கள். ஈசானத்தில் விழுந்தால் ஈசான சிவன், அகோரத்தில் விழுந்தால் அகோர சிவன். விகுதியைப் பூ தீர்மானிப்பதில்லை. அந்தணருக்குச் சிவம், பெண்ணுக்குச் சக்தி, மற்ற வருணத்தாருக்குத் தேவன் என்றும் கணம் என்றும் பத்ததிக்குப் பத்ததி மாறும். ஆக, பெயரின் முன்பாதியை விதி போட்டது, பின்பாதியை ஊர் போட்டது. கண்ணைக் கட்டிவிட்ட பிறகும் சாதியும் பாலும் எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகின்றன. ஆனால் விகுதியை வைத்து ஆளின் வருணத்தைக் கணிக்கப் போனால் வழி தவறும். சித்தாந்த ஆசிரியர் அருணந்தியை நாம் சிவாசாரியார் என்கிறோம். பழைய ஏட்டு வழக்கில் அவர் தேவநாயனாராகவும் வருகிறார். இந்தக் கணக்கு பத்ததியில்தான் சுத்தமாக இருக்கிறது.

தீட்சை என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். வடமொழியில் தீக்ஷா; வேள்வி செய்கிறவன் அதற்குமுன் ஏற்கும் விரதத்துக்கு வேத காலத்திலேயே இருந்த சொல். சைவர்கள் அதைப் பிரித்துப் பொருள் சொன்னார்கள்: ஞானத்தைக் கொடுப்பது, பாசத்தைக் கெடுப்பது. சொல்நூல்காரர் இந்தப் பிரிப்பை ஒப்புக்கொள்ள மாட்டார். கொடுத்தலும் கெடுத்தலும் தமிழில் எதுகையாக வந்து உட்கார்ந்துகொண்டதால் நமக்கு அது நிலைத்துவிட்டது. சித்தாந்த நூல்கள் தீக்கை என்று எழுதும். பக்ஷம் பக்கமானது, லக்ஷணம் இலக்கணமானது, அதே வழியில் தீக்ஷா தீக்கை. பிக்ஷை மட்டும் தடம் மாறிப் பிச்சை ஆனது. அந்தப் பிச்சையிடம் கடைசியில் வருகிறேன்.

முகம் ஐந்துதான் என்றால் பெயருக்குப் பஞ்சம் வரும். வந்தது. எத்தனையோ ஈசான சிவர்கள், எத்தனையோ அகோர சிவர்கள். சிதம்பரத்தில் இருந்த அகோர சிவாசாரியார் 1157 வாக்கில் எழுதிய கிரியாக்கிரம த்யோதிகையை வைத்துத்தான் தமிழ்நாட்டுச் சிவாசாரியார்கள் இன்றும் கிரியை செய்கிறார்கள். அந்தப் பெயரில் அவர் ஒருவர்தான் இருந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. கேரளப் பக்கத்தில் கிடைத்து, கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் பதிப்பித்த பெரிய பத்ததி ஒன்று ஈசான சிவ குருதேவர் பெயரில் இருக்கிறது. தஞ்சாவூர்க் குருவும் இவரும் ஒருவரே என்று எழுதியவர்கள் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதுதான் அவர்கள் பிடித்த முதல் நூல். அந்த ஆதாரத்தின் எடை ஒரு பூவின் எடைதான் என்பேன்.

எல்லாப் பெயரும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுவதில்லை. மத்திய இந்திய மடங்களில் ஹிருதய சிவர் என்ற பெயர் வருகிறது. இதயம் என்பது முகமல்ல, அங்க மந்திரங்களில் ஒன்று. தஞ்சாவூரிலேயே ராஜேந்திரன் காலத்தில் கோயிலின் சைவாசாரியராக இருந்தவர் சர்வ சிவ பண்டிதர். அவருடைய கல்வெட்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவருக்கும், அவருடைய சீடர்களுக்கும், சீடர்களின் சீடர்களுக்கும் ஆசாரிய போகமாக ஆண்டுக்கு 2,000 கலம் நெல் அளக்கச் சொல்கிறது அது. ஆரிய தேசம், மத்திய தேசம், கௌட தேசம் என்று வடக்கே இருக்கிற சீடர்களையும் சேர்த்துத்தான் இந்த ஏற்பாடு. கலத்துக்கு 12 மரக்கால். ஆண்டுக்கு 24,000 மரக்கால். அளக்கிற மரக்காலுக்கும் பெயர் உண்டு: ஆடவல்லான். கூத்தாடும் கடவுளின் பெயரை மரக்காலுக்கு வைத்த ஊர் இது. வங்காளத்தில் யாரோ ஒரு குருவின் கையிலிருந்து பெயர் வாங்கியவனுக்கு இங்கே காவிரித் தண்ணீரில் விளைந்த நெல் களத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. குருவழிப் பெயர் அந்தக் காலத்தில் வெறும் அழைப்புப் பெயரல்ல, சொத்துரிமை.

இப்போது கடல் தாண்டி ஒரு பார்வை. மேலை நாடுகளில் இன்று தங்களைப் பேகன் என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன்தான் நினைவுக்கு வருவான், இது வேறு. லத்தீனில் பாகுஸ் என்றால் நாட்டுப்புறப் பகுதி, பாகானுஸ் என்றால் நாட்டுப்புறத்தான். கிறித்தவம் வந்த பிறகு பழைய தெய்வங்களை விடாதவனுக்கு அது வசவானது. இருபதாம் நூற்றாண்டில் அந்த வசவையே சிலர் விருதாகச் சூடிக்கொண்டார்கள். அவர்களில் பலர் குழுவில் சேரும்போது ஒரு மந்திரப் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். மரம், பறவை, நட்சத்திரம், பழைய தெய்வம் என்று தேடித் தேர்ந்தெடுக்கிறார்கள். வட்டத்துக்குள் மட்டும் புழங்கி, வெளியே சொல்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. இந்த இயக்கத்தின் மூல புருஷர்களில் ஒருவரான ஜெரால்டு கார்ட்னர் தேர்ந்த பெயர் ஸ்கீரே. லத்தீனில் அறிதல் என்று பொருள். 1949இல் அந்தப் பெயரைப் போட்டுத்தான் ஒரு மந்திரக் கதை நாவலை வெளியிட்டார். சூனியத் தடைச் சட்டம் பிரிட்டனில் நீங்கியது 1951இல்தான். சொந்தப் பெயரை மறைக்கக் காரணம் இருந்தது. இதே கார்ட்னர் வாலிபத்தில் இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்.

இலங்கை என்றதும் இன்னொருவர் வருகிறார். ஆலன் பென்னட், லண்டனில் கோல்டன் டான் என்ற மந்திர சங்கத்தின் உறுப்பினர். அங்கே அவர் பெயர் யெஹி ஔர்; எபிரேயத்தில் ஒளி உண்டாகுக. ஆஸ்துமா தாங்காமல் கொழும்பு வந்து, பொன்னம்பலம் ராமநாதன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே அவரிடம் யோகம் கற்றார். பிறகு பர்மாவுக்குப் போய்ப் பௌத்த பிக்குவாகி ஆனந்த மெத்தேய்யர் ஆனார். முதல் பெயரைத் தேர்ந்துகொண்டவர் இரண்டாவது பெயரைச் சங்கத்தின் கையில் வாங்கிக்கொண்டார். அவருக்குக் கற்பித்த ராமநாதனுக்கும் இரண்டு பெயர். 1898இல் மத்தேயு நற்செய்திக்குச் சைவக் கண்ணோடு உரை சொன்னபோது நூலில் இருந்த பெயர் ஸ்ரீ பரானந்தர். எங்கிருந்து வந்தது? ராமநாதனின் குரு தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகள். குருவின் பெயரில் பாதியை உடைத்துச் சீடர் வைத்துக்கொண்டார். கொழும்பில் பூத்த பெயரின் வேர் தஞ்சாவூரில் இருக்கிறது.

குருவின் பெயர் சீடனுக்கு இறங்குவதில் இதைவிட அழகான ஒன்று உண்டு: மெய்கண்டார். சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களைத் தந்தவர். மரபு சொல்லும் கதைப்படி, பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குப் பிள்ளையில்லை. தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏட்டுக்குள் கயிற்றை நுழைத்து, விழுந்த இடத்தைப் பிரிப்பது அது. பூவுக்குப் பதில் நூல். வந்தது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம், முக்குளத்தில் மூழ்கச் சொல்லும் பாட்டு. அப்படியே செய்து பிறந்த பிள்ளைக்கு வெண்காட்டுச் சாமி பெயரையே வைத்தார்கள். ஆனால் வெண்காடன் என்று வைக்கவில்லை, சுவேதவனப்பெருமாள் என்று வைத்தார்கள். வெண்காடு சுவேதவனம் ஆனது. மறைக்காடு வேதாரண்யம் ஆனதுபோல. டெல்டாவில் பாதி ஊர் இப்படி ஒருமுறை மொழிமாறியதுதான்.

பிறகு பரஞ்சோதி முனிவர் வருகிறார், பிள்ளைக்கு உபதேசம் செய்து பெயரையும் மாற்றுகிறார். முனிவரின் குரு சத்தியஞான தரிசினி. சத்தியம் மெய், தரிசித்தவன் கண்டவன். மெய்கண்டான். வடமொழி உடுத்திய பெயரோடு வந்த பிள்ளை, குருவின் குருவுடைய வடமொழிப் பெயரைத் தமிழில் பெற்றுக்கொண்டு எழுந்தான். மொழிபெயர்ப்பு என்ற சொல்லில் பெயர் என்பது நகர்தலைக் குறிக்கும் வினை. இங்கே பெயரே பெயர்ந்தது.

சில நூற்றாண்டு கழித்து நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் இதையே தனக்குத் தானே செய்துகொண்டார். 1911இல் துறவு பூண்ட சுவாமி வேதாசலம், சில ஆண்டுகளில் மறைமலை அடிகள் ஆனார். சுவாமிக்கு அடிகள், வேதத்துக்கு மறை, அசலத்துக்கு மலை, ஒன்றும் விடுபடவில்லை. குருவும் இல்லை, பூவும் இல்லை. தேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் என்றால் நம் பக்கத்தில் இதுதான் எடுப்பான சான்று.

ஆனால் இவை எதுவும் மறைத்து வைப்பதற்கான பெயர்களல்ல. கல்லில் வெட்டினார்கள், நூலின் முகப்பில் போட்டார்கள். தெரியக் கூடாத ஒருவனிடமிருந்து ஆளை ஒளித்துவைக்கிற பெயர், பெயரே காரியம் செய்கிற பெயர், டெல்டாவில் மடத்தில் கிடைப்பதில்லை. வீட்டுத் திண்ணையில் கிடைக்கும். பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில் அடுத்து பிறந்ததைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்று கூப்பிட்டார்கள். பிச்சை எடுத்து வளர்த்ததாகப் பாவனை செய்து பிச்சை என்றார்கள். கும்பகோணத்தில் 1900இல் பிறந்த கவிஞர் ஒருவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கட மகாலிங்கம். நாம் அறிந்தது ந. பிச்சமூர்த்தி. அவர் புனைபெயராக எடுத்துக்கொண்டது பிக்ஷு. தேய்ந்த சொல்லை அதன் பழைய வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

சின்ன வயதில் அடம்பிடித்தால் எங்கள் அப்பாயி சொல்வார், “உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்.” கேலி என்றே நினைத்திருந்தேன். நிஜமாகவே செய்ததுதான் அது. பிள்ளையை வாசல்படி தாண்டி அண்டை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருப்பாள். பெற்றவள் நெல் குத்திப் புடைத்த தவிட்டைக் கொண்டுபோய்க் கொட்டி, விலைக்கு வாங்கியதாகத் திரும்பத் தூக்கி வருவாள். இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, யாரோ விற்றது, மாட்டுத் தீவனம் பெறுமானம் உள்ளது என்று எமனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தவிட்டான் என்று பேர்.

மந்திரப் பெயர் என்று இந்த நெல் நாட்டில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் தவிட்டானைத்தான் காட்டுவேன். சர்வ சிவர் பெயருக்கு ஆண்டுக்கு 2,000 கலம் நெல். இவன் பெயருக்கு ஒரு முறம் தவிடு.